ஈரப்பதம் பத்தொன்பது

இரவு இரண்டு மணிக்கு
ஆறும் ஒன்பதும் ஒரே எண்தான்.
எந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்கிறது
என்பதில்தான் சண்டை.

வலங்கைமானுக்குத் தெற்கே
நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தர் நான்.
குறுவை நெல் குவிந்து கிடக்கும்வரை
என் தூக்கம் அரசுடைமை.
சிப்பத்துக்கு நாற்பது கிலோ,
சாக்குக்கு ஐந்நூற்று எண்பது கிராம்.
ஒரு இலக்கம் புரண்டால்
யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ
அச்சுக்குப் போகாது.

அதற்காகத்தான் பெப்பர்மின்ட்.
குழாய் ஒழுகும் இடத்தில்
பழைய பெயிண்ட் டப்பாவில்
சுமைதூக்கும் ஜபருல்லா நட்டது.
துவையலுக்கு வாங்கும் புதினா இல்லை இது,
தண்டு ஊதா, இலை கூர்.
கசக்கினால்
மூக்குக்குப் பின்னால் யாரோ
ஜன்னல் திறக்கிறார்கள்.

கைக்குட்டையில் ரெண்டு இலை மடித்து
எண்ணூறு சிப்பம் எழுதுவேன்.
ஆறு ஆறாக நிற்கும்,
ஒன்பது ஒன்பதாக.
கூடவே இன்னொன்றும் நடக்கும்:
கட்டி எடுத்துவந்த எலுமிச்சை சாதம்
ஞாபகத்துக்கே வராது.
விடிகாலையில் மூடியைத் திறந்தால்
யார் நீ என்று கேட்கும்.

செல்போனில் படித்தேன்.
எங்கோ சோதித்தார்களாம்,
மோந்தவர்களுக்குக் கவனம் கூடியதாம்,
பசி குறைந்ததாம்.
எத்தனை பேர், எத்தனை நாள்,
முந்தின வேளை அவர்களுக்கு என்ன சாப்பாடு
எதுவும் போடவில்லை.
எடை போடாததை
முழுசாக நம்புகிற உத்தியோகமா என்னுடையது?
பாதியை நம்பினேன்.
மீதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

மூன்றாம் நாளும் மழை.
அருமைக்கண்ணுவின் குவியல்
பத்தொன்பதில் நிற்கிறது.
பதினேழுக்கு இறங்கினால்தான் தராசு.
கருவி அவர் முகத்தைப் பார்க்காது.
நானும்.
தார்ப்பாயை விலக்குவார், கிளறுவார்,
தூறல் விழுந்ததும் ஓடி மூடுவார்.
வீட்டிலிருந்து வரும் தூக்குவாளி
வந்த கனத்திலேயே
தினமும் திரும்பிப் போனது.
"எறங்கலம்மா" என்றார், தொண்டையைத் தொட்டு.
"நெல்லு ஈரமா கெடக்கயில
சோறு எப்படி எறங்கும்?"

அன்றிரவு டீ கொதிக்கும்போது
ஜபருல்லா நாலு இலை கிள்ளிப் போட்டார்.
நான் தடுத்தேன்.
அது பசியைக் கொல்லும் பாய்,
ஏற்கெனவே செத்ததை
எதுக்கு இன்னொரு தரம்?
அவர் சிரித்தார்.
"எங்க வீட்ல பிரியாணி தின்னுட்டு மந்தமா கெடந்தா
இதான் கொடுப்பாங்க.
வயித்தைக் கிளறிவிடும்."

அருமைக்கண்ணு குடித்தார்.
ஒரு ஏப்பம்.
அப்புறம் ஒன்றுமில்லை,
தகரத்தில் மழை.

நாலு மணி இருக்கும்.
தூக்குவாளி மூடி கழன்ற சத்தம்.
நீர் ஊற்றிய சோறு, நாரத்தங்காய் ஊறுகாய்.
நான் திரும்பவில்லை.
அவர் மெல்லுவதைக் கேட்டபடி
ஆறு எழுதவேண்டிய இடத்தில்
ஆறு எழுதினேன்.

எது வேலை செய்தது என்று
எந்தப் பத்தியில் ஏற்றுவது?
மூன்றரைக்கே மழை விட்டிருந்தது.
குடமுருட்டிப் பக்கமிருந்து
காய்ந்த காற்று திரும்பியிருந்தது.
ஜபருல்லா வேறு
பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வெகுநேரம்.
இலையும் இருந்தது.
அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காலையில் கருவி பதினெட்டு காட்டியது.
இன்னும் ஒன்று.
அருமைக்கண்ணு மறுபடி கிளறப் போனார்.
போகிற வழியில் டப்பா முன் நின்று
ஒரு கொழுந்தைக் கிள்ளிக்
காதில் செருகிக்கொண்டார்,
பீடி மாதிரி.

நான் என் டப்பாவைத் திறந்தேன்.
எலுமிச்சை சாதம்
ஆறி விறைத்திருந்தது.
ஒரு வாய் வைத்ததும்
தெரிந்தது,
எனக்கு நேற்றிலிருந்தே பசி.